தசமபாகமா, அப்பாவின் மாத்திரையா?

பெற்றோரைக் கனம்பண்ணுவது பற்றி மும்பைத் தமிழர்கள் கேட்டவற்றுக்கு, சபையில் வேதபாட வகுப்பு நடத்தும் அண்ணாச்சியின் பதில்கள்.

அண்ணாச்சி, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்கு எடுத்து வைத்து, வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் கட்டிவிட்டால் ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாங்குநேரியில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு சர்க்கரை மாத்திரைக்கே கஷ்டம். "நீ கர்த்தருக்குக் கொடு, அப்பாவை அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். சரியா? (தாராவி)

சரியில்லை தம்பி. இந்தச் சாக்கு இயேசு காலத்திலேயே இருந்தது. மாற்கு 7-ஐ எடுத்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்குப் போகவேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று நேர்ந்துவிட்டால் போதும், அப்புறம் அவர்களுக்கு ஒன்றும் செய்யவேண்டாம் என்று யூத மதத் தலைவர்களான பரிசேயரும் வேதபாரகரும் விட்டுவிட்டார்கள். உங்கள் பாரம்பரியத்தால் தேவ வசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு அவர்களைக் கண்டித்தார். இத்தனைக்கும் அந்தப் பொருள் போனது தேவனுக்கென்று, குடிக்கோ சூதுக்கோ அல்ல. பவுல் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: தன் வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன் (1 தீமோத்தேயு 5:8). தசமபாகத்தையே எடுத்துக்கொண்டாலும், மூன்றாம் வருஷத்துப் பங்கில் ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டார்கள் (உபாகமம் 14).

சம்பளம் வந்ததும் அப்பா மாத்திரைக்கு ஜிபேயில் போட்டுவிடுங்கள். காணிக்கை அதற்கப்புறம். ஆயரிடம் மறைக்கவும் வேண்டாம், மாற்கு 7-ஐக் காட்டியே பேசுங்கள்.

நான் ஞானஸ்நானம் எடுத்தவன், வீட்டில் எல்லோரும் இந்துக்கள். மூத்த மகன் என்பதால் நாளை அப்பாவுக்குக் கொள்ளி வைக்கச் சொல்வார்கள். என்ன செய்ய? (சயான் கோலிவாடா)

விசுவாசியான தகப்பனை மட்டும் கனம்பண்ணு என்று கட்டளையில் இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே அவரையும் தம்பியையும் உட்கார வைத்துப் பேசுங்கள். மனசாட்சிக்கு ஒவ்வாத சடங்கைத் தம்பி செய்யட்டும். செலவு உங்களுடையது, பாடைக்குத் தோளும் உங்களுடையது. காரியம் முடிகிறவரை வீட்டை விட்டு நகராதீர்கள். ஊர்க்காரர் நடுவே அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்து, அதற்கு 'சாட்சி' என்று பெயர் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்பா குடித்துவிட்டு எங்களை அடித்தே வளர்த்தார். இப்போதும் அனுப்புகிற பணம் டாஸ்மாக்குக்குத்தான் போகிறது.

பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நேராகக் கட்டிவிடுங்கள். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்று சொல்கிற அதே எபேசியர் 6-தான், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்கும் சொல்கிறது. நடந்ததை மறந்ததுபோல நடிக்க வேண்டியதில்லை. இன்னும் கை நீட்டுகிறார் என்றால் தள்ளியே இருங்கள்.

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். அம்மாவை ஊரில் முதியோர் இல்லத்தில் சேர்த்தால் பாவமா?

தாவீது சவுல் ராஜாவுக்குப் பயந்து அதுல்லாம் குகையில் ஒளிந்திருந்தபோது அவனுடைய வீட்டாரும் அங்கே வந்துவிட்டார்கள். குகை வயசானவர்களுக்கு ஆகுமா? தானே மோவாப் தேசத்துக்குப் போய், அந்தத் தேசத்து ராஜாவிடம் கேட்டு, தாய் தகப்பனை அங்கே தங்கவைத்தான் (1 சாமுவேல் 22). நீங்களும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். அதற்கு முன்னால் அம்மாவிடம் கேளுங்கள். பல பேர் அதைத்தான் கேட்பதில்லை.

பெற்றோரைக் கனம்பண்ணு என்பதைக் கத்தோலிக்கர் நாங்கள் பத்துக் கட்டளைகளில் 4-ம் கட்டளை என்கிறோம், நீங்கள் 5 என்கிறீர்களே?

எண்ணுகிற முறை வேறு, அவ்வளவுதான். லூத்தரன் சபையாருக்கும் 4-தான்.

மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்கு, தன் மாமியாரைக் கைவிடாத மருமகள் ரூத்தைக் காட்டி எனக்குப் பிரசங்கம் பண்ணுகிறார் என் கணவர். என் பெற்றோரை மட்டும் கண்டுகொள்வதே இல்லை, அண்ணாச்சி.

யாத்திராகமம் 18:7-ஐ அவரை வாசிக்கச் சொல்லுங்கள் அம்மா. மாமனார் எத்திரோ வருகிறார் என்றதும் மோசே எதிர்கொண்டு போய், வணங்கி, முத்தம் செய்து, சுகம் விசாரித்துக் கூடாரத்துக்குள் அழைத்துப் போகிறார். அந்த மாமனார் மீதியான் தேசத்து ஆசாரியர். உங்கள் கணவர் முத்தம்வரை போகவேண்டாம், வாரம் ஒரு போன் போடட்டும்.