தனி ஆளுக்குச் சாமான் வாங்குவது

தம்பி, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு மாதம், பேஸ்மென்ட் அறையில் தனியாக இருக்கிறேன், சாப்பாட்டுச் சாமானுக்கே மாதம் 400 டொலர் போகிறது, அப்படியும் பாதி மரக்கறி அழுகிப் போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர். நான் இங்கே வந்து 17 வருடம். முதல் மூன்று வருடம் உம்மைப்போலத் தனியே சமைத்துத்தான் சாப்பிட்டேன்.

உம்முடைய காசைத் தின்பது விலையைவிட அந்த அழுகல்தான். ஊரில் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் அன்றைக்குத் தேவையான கால் கிலோ கத்தரிக்காய், ஒரு பிடி கீரை, இரண்டு முருங்கைக்காய், அவ்வளவுதான். கறிவேப்பிலை வளவிலேயே நிற்கும். அடுத்த நாள் திரும்பவும் சந்தை. இங்கே கிழமைக்கு ஒருக்கால் பஸ் ஏறிப் போவதால், பெரிய பை மலிவாகத் தெரிந்ததும் கை தானாக அதற்குப் போகிறது. என் முதல் குளிர்காலத்தில் 10 இறாத்தல் உருளைக்கிழங்குப் பையும் ஒரு முழுக் கோவாவும் சுமந்து வந்தேன். மூன்றாம் கிழமை கிழங்கு முளைத்துவிட்டது, கோவா கறுத்துவிட்டது. குப்பையில் போடும்போது மனம் சரியாக நொந்தது.

ஆகவே அழுகுகிற சாமானை உதிரியாக எடும். நாலு கிழங்கு, மூன்று கரட், ஒரு பிடி போஞ்சி. எடைக்குப் பார்த்தால் பையைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் எல்லாம் வயிற்றுக்குள் போகும். விலைப்பலகையைக் கவனமாகப் பாரும். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இறாத்தல் விலை, கிலோ விலை கீழே சின்னதாக இருக்கும். ஓர் இறாத்தல் 454 கிராம். 1.99 என்று கண்டால் கிலோ 4.39 டொலர் என்று அர்த்தம். ஊர்க் கிலோக் கணக்கில் பழகிய கண்ணுக்கு இது பிடிபடச் சில மாதம் எடுக்கும்.

பெரிய பையில் வாங்க வேண்டியவை அரிசி, பருப்பு, மா. மைசூர்ப் பருப்பு தாராளமாக வாங்கும். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அது ஏராளமாக விளைகிறது, இலங்கைக்கும் கனடாப் பருப்பு போகிறது. வீட்டில் அம்மா காய்ச்சித் தந்ததில் எவ்வளவு இந்த மண்ணில் விளைந்ததோ. சின்ன வெங்காயத்தை மட்டும் விட்டுவிடும். இங்கே அதற்குக் கொடுக்கும் விலை கட்டாது, கறிக்குப் பெரிய வெங்காயமே போதும்.

இனி பிரீசர். தனி ஆளுக்கு அதுதான் சந்தை. தமிழ்க் கடையில் துருவி உறைய வைத்த தேங்காய்ப்பூ கிடைக்கும். வாங்கிய அன்றே கைப்பிடி கைப்பிடியாகச் சின்னப் பைகளில் போட்டு வையும், சொதிக்கு ஒன்று, சம்பலுக்கு ஒன்று. கறிவேப்பிலையை உருவி வைத்தால் மாதக் கணக்கில் கிடக்கும். முழுக்கோழி வாங்கிக் கறிக்கு வெட்டித் தரச் சொல்லும், அதை நாலு பையாகப் பிரியும். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் 4 லீற்றர் பால் மூன்று பைகளாக வரும், இரண்டை உறைய வைக்கலாம். அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளும் அங்கேயே இருக்கட்டும், வாசம் போகாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழிக்கறி, ஒரு பருப்பு. ஆறியதும் ஒருவேளை அளவில் பெட்டிகளில் போட்டு உறைய வையும். கிழங்கு போட்ட கறியை மட்டும் வைக்காதீர், இளகும்போது மணல் மாதிரி ஆகிவிடும். சொதி அன்றன்று வையும், பத்து நிமிடம்தானே. சோற்றைப் பழஞ்சோற்றுக்கென்று இரவு முழுக்க வெளியே விடாதீர். இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் போய்விட வேண்டும். ஹீற்றர் போட்ட வீட்டில் மறந்துபோய் வெளியே விட்ட சோற்றைச் சாப்பிட்டு ஒருமுறை இரண்டு நாள் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தேன்.

அரிசி, பருப்பு, முட்டை, பால், மரக்கறிக்கு இங்கே விற்பனை வரி இல்லை. சிப்ஸ், சோடாவுக்கு 13 சதவீதம் ஏறும், கடையில் வாங்கும் கொத்துரொட்டிக்கும் அப்படித்தான். களைத்து வரும் இரவில் அந்தக் கொத்துதான் கண்ணுக்குத் தெரியும். உறைய வைத்த ஒரு பெட்டி இருந்தால் நேரே வீட்டுக்கு வந்துவிடுவீர். கடைகளின் புதிய மலிவுப் பட்டியல் பெரும்பாலும் வியாழக்கிழமை தொடங்கும், புதன் இரவே ஒருக்கால் பார்த்துவிட்டுப் போம்.

ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு நேரச் சாப்பாட்டை விடக் கூடாது, தம்பி. படிப்பும் வேலையும் ஒன்றாகச் செய்கிற உடம்பு.

அடுத்த சனிக்கிழமை நான் காரில் அரிசி வாங்கப் போகிறேன். 40 இறாத்தல் மூட்டை. பாதியை நீர் எடும், வீட்டு வாசலில் இறக்கி விடுகிறேன்.