எதிரே வந்த மீன்பாடி வண்டி ஏன் கண்ணில் படவில்லை?

கேள்வி: பாரிமுனையில் கஸ்டம்ஸ் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீடு திருவொற்றியூர். போன வாரம் ஸ்கூட்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது, புளூடூத்தில் ஆபீஸுக்கு ஒரு கன்டெய்னர் நம்பரைச் சொல்லிக்கொண்டே காசிமேடு பக்கம் வந்தேன். ராங் சைடில் வந்த மீன்பாடி வண்டியில் மோதிவிட்டேன். நல்ல வெளிச்சம். ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், போனும் கையில் இல்லை. கண் டாக்டர் போர்டைப் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பார்வை சரியாக இருக்கிறது என்கிறார். அப்புறம் எப்படி அந்த வண்டி தெரியாமல் போகும்?

பதில்: தெரியாமல் போகும். கண்ணில் விழுவதெல்லாம் மனதில் பதிவதில்லை, கவனம் போன இடம்தான் பதிகிறது.

1999-ல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு வீடியோவைக் காட்டி, பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷத்தில் ஒருவர் வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய பாதிப்பேர் அதைக் கவனிக்கவே இல்லை. தரையில் தட்டிப்போன பந்தைத் தனியாக, நேரே வீசியதைத் தனியாக எண்ணச் சொன்னபோது, தவறவிட்டவர்கள் இன்னும் கூடினார்கள். மூளைக்கு வேலை ஏற ஏற, எதிர்பாராதது நழுவுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். கன்டெய்னர் நம்பர் என்றால் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அதை மனதில் பிடித்துவைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிர்முனை திருப்பிச் சொல்வதைச் சரிபார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். புளூடூத் உங்கள் கையைத்தான் விடுவித்தது, மனதை அல்ல. பின்னால் உட்கார்ந்து பேசுபவராவது ரோட்டில் சிக்கல் வந்தால் பேச்சை நிறுத்துவார், “பார்த்து, பார்த்து” என்பார். போனில் இருப்பவருக்கு ரோடே தெரியாதே!

அனுபவம் இருந்தால் தப்பலாம் என்றும் நம்ப வேண்டாம். 2013-ல் வந்த ஓர் ஆய்வில், 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சிடி ஸ்கேனில் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். படத்துக்குள் வைத்திருந்த சிறு கொரில்லா உருவத்தை 20 பேர் பார்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலானோரின் கண் அந்த இடத்திலேயே நின்றிருந்ததைக் கண் அசைவைப் பதியும் கருவி காட்டியது.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கத்தில்தான் தவறவிடுகிறீர்களா, போன் பேசாதபோதும் இடித்துக்கொள்கிறீர்களா? அப்படியானால் பார்வைப் புலப் பரிசோதனை, அதாவது நேரே பார்க்கும்போது ஓரங்களில் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை, கேட்டு வாங்குங்கள். கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) போர்டு நன்றாகத் தெரியும், ஓரப் பார்வைதான் முதலில் குறையும்.

மற்றபடி, கிளம்பும் முன் நம்பரை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கள். வழியில் கூப்பிட்டால், “வண்டியில இருக்கேன்” என்று சொல்லி வையுங்கள். ஓரம்கட்டிப் பேசினாலும் உடனே கிளம்ப வேண்டாம். பேச்சு முடிந்த பிறகும் மனம் சற்று நேரம் அதிலேயே சுற்றும். ஆபீஸ் சண்டையை மனதுக்குள் தொடர்வதும் இதே கணக்குதான்.

இன்னொன்று, எதைத் தேடுகிறோமோ அது சீக்கிரம் கண்ணில் படும். எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறும்போது “ராங் சைடில் மீன்பாடி வண்டி வரும், நிற்கிற டிரெய்லர் இடுக்கிலிருந்து ஆள் இறங்குவார்” என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள். அந்த ரோட்டில் அது ஒன்றும் அதிகப்படியான கற்பனை இல்லை.