30 ஆட்டம் போதாதா?

கேள்வி: கைபேசியில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) போட்டால் பழைய வீடியோ கேம் எல்லாமே ஓடுகிறது. பிறகு ஏன் பழைய கன்சோலின், அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியின், உருவத்தில் புதிதாகச் செய்து விற்பதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?

பதில்: அந்தப் பெட்டிக்குள்ளும் எமுலேட்டர்தான் இருக்கிறது. நின்டெண்டோ தன் பழைய என்.இ.எஸ். கன்சோலின் உருவத்தில் 2016-இல் விட்ட குட்டி என்.இ.எஸ்.ஸைத் திறந்தால் லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி ஒன்று இருக்கும், அவ்வளவுதான். 'அசல்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஆனாலும் என் ஓட்டு பெட்டிக்கே. கண்ணாடியில் வரைந்த பொத்தானில் விரல் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியாது; மாரியோ குழியில் விழுந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கன்ட்ரோலரில் மேடு பள்ளத்தைத் தடவியே கட்டைவிரல் வழி கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று, அந்தக் குட்டி என்.இ.எஸ்.ஸில் இருப்பதே 30 ஆட்டம். மறுவருடம் வந்த சூப்பர் என்.இ.எஸ். கிளாசிக்கில் 21. கைபேசியில் ஆயிரம் ஆட்டம் இறக்கி வைத்தவர் முதல் கட்டத்தில் இரண்டு முறை செத்தாலே அடுத்ததற்குத் தாவிவிடுவார். இங்கே தாவ இடமில்லை. 'மெகா மேன் 2'-உடன் மல்லுக்கு நின்றே ஆகவேண்டும். அப்டேட் கேட்காது, கணக்குத் திறக்கச் சொல்லாது. நடுவில் நிறுத்திச் சேமிக்கும் வசதியும் கொடுத்திருக்கிறார்கள். அது அழுகுணி ஆட்டம் என்பது என் கட்சி. நானும் அழுத்துகிறேன் என்பது வேறு விஷயம்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2018-இல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் 20 ஆட்டங்கள். அவற்றில் சிலவற்றுக்கு நொடிக்கு 50 முறை படம் மாறும் ஐரோப்பியப் பதிப்பைப் போட்டுவிட்டார்கள். 60-க்குப் பழகிய கை உடனே கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: துப்பாக்கியால் வாத்து சுடும் ஆட்டம் மட்டும் அந்த 30-இல் காணோமே?

பதில்: 'டக் ஹன்ட்' துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே வராது, அதன் வேலை திரையைப் பார்ப்பது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகும். உடனே வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். குழல் முனையிலுள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைச் சரியான நேரத்தில் கண்டால் வாத்து காலி. பழைய குழாய் டிவியில் படம் கன்சோல் அனுப்பிய கணமே விழும். எல்சிடி டிவி அதைத் தன் பங்குக்கு மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் வெள்ளை வந்திருக்காது, வாத்து பிழைத்துக்கொள்ளும்.

அதே தாமதத்தால்தான் சிலர் வீட்டில் மாரியோ சோம்பலாகக் குதிக்கிறார். டிவி அமைப்பில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று தேடிப் போடுங்கள்.

கேள்வி: பேசாமல் பழைய கன்சோலையே வாங்கிவிட்டால்?

பதில்: சால்டரிங் தெரியுமா? சேமிப்பு வசதியுள்ள பழைய கேட்ரிட்ஜ்கள் (கன்சோலில் செருகும் ஆட்ட அட்டைகள்) பலவற்றில் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். அது தீர்ந்தால் சேமித்ததும் போயிற்று. தெரியாதென்றால், பழைய அட்டாரி கேட்ரிட்ஜை அப்படியே செருகி எச்.டி.எம்.ஐ. வழியே ஆடவிடும் 2023-இன் அட்டாரி 2600 பிளஸ் போன்றவை இருக்கின்றன.