தப்பி ஓடுகிறவரும் தனியாக ஓட்டுகிறவரும்

வணக்கம் ஐயா,

மோதிவிட்டு ஓடுகிறவருக்குக் கடும் தண்டனை தரும் புதிய சட்டத்தை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததால், 2024 ஜனவரி 2 அன்று ஹைதராபாதில் பெட்ரோல் பங்க் வரிசையில் மாலை முழுவதும் நின்றேன். குதிரையில் உணவுப் பொட்டலம் கொண்டுபோன இளைஞரின் காணொளியை எல்லோரும் சிரித்துக்கொண்டே பகிர்ந்தார்கள். 2025 மார்ச் இறுதியில் நாமக்கல் எரிவாயு டேங்கர் லாரிகள் நின்றபோது, சிலிண்டர் வருமா என்று ஈரோட்டிலிருந்து அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். மோதிவிட்டு ஓடுகிறவருக்குப் பத்தாண்டு தண்டனை என்றால் அதில் என்ன தவறு? எழுதப் படிக்கத் தெரியாத டிரைவர்கள் நினைத்தால் நாட்டையே நிறுத்திவிடலாமா? எரிபொருள் போக்குவரத்தில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய வேண்டாமா? மின்வாகனங்கள் பெருகினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் அல்லவா?

ஆர்., ஹைதராபாத்

அன்புள்ள ஆர்.,

மின்வாகனக் கேள்வியை விட்டுவிடுகிறேன்; அதை இரவெல்லாம் ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வரும் என்பது மட்டுமே அதற்கு என் பதில். உங்கள் அம்மாவின் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒற்றைச் சிலிண்டர் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அது தீரும் நாளை மனம் எண்ணத் தொடங்கிவிடும்.

ஆனால் 'எழுதப் படிக்கத் தெரியாத டிரைவர்கள்' என்று எழுதினீர்களே, அதை மன்னிக்க இயலவில்லை. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்டுகிறவர் ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும், தனிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆம் விதி. நீங்கள் வரிசையில் நின்ற அதே நாளில், மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூரில் ஓட்டுநர்களைக் கூட்டிவைத்துப் பேசிய மாவட்ட ஆட்சியர், அவர்களில் ஒருவரைப் பார்த்து உன் தகுதி என்ன என்று கேட்டார். எங்களுக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பதற்குத்தானே இந்தப் போராட்டம் என்று அந்த ஓட்டுநர் கைகூப்பாத குறையாகச் சொன்னார். மறுநாள் ஆட்சியர் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வாயால் கேட்டதைத்தான் நீங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள்; படித்தவர்கள் எல்லோருக்கும் இது எவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது!

அடுத்தது, நீங்கள் ஒன்றாகக் கட்டிய இரண்டும் ஒரே வேலைநிறுத்தம் அல்ல. 2025 மார்ச் 27 அன்று நாமக்கல்லில் தொடங்கியது டேங்கர் லாரி உரிமையாளர்களின் போராட்டம். எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த நிபந்தனைகளை அவர்கள் எதிர்த்தார்கள்; மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாமல் வரும் வண்டிக்கு 20,000 ரூபாய் அபராதம் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. கடன் தவணையும் டயர் விலையும் கட்டணமும் அவர்களை நெருக்குகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும், ஓட்டுநரின் பக்கத்தில் இன்னொரு மனிதர் உட்கார வேண்டும் என்பதற்கு எதிராகவும் வண்டிகள் நின்றன, அதை நாமெல்லோரும் டிரைவர் ஸ்டிரைக் என்றே பேசினோம்.

இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் நான் நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் சித்தப்பா சங்ககிரியில் லோடு ஏற்றி ஊட்டி வரை பெட்ரோல் டேங்கர் ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் ஒருமுறை என்னையும் அழைத்துப்போனார். விதிப்படி அது குற்றம். நான் உட்கார்ந்திருந்தது கிளீனரின் இருக்கை, கிளீனருக்குக் கூலி கொடுக்க ஒப்பந்தக்காரர் ஒப்பவில்லை. எனக்கு இடப்பட்ட வேலை, சித்தப்பா தூங்கிவிடாமல் பேசிக்கொண்டே வருவது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் நான் தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தபோது அவர் தொட்டியின் மேல் நின்று, எழும்பும் ஆவி கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைத் திறந்து, பெட்ரோல் மட்டத்தை அளக்கும் கம்பியான டிப் ராடை இறக்கிக்கொண்டிருந்தார். கம்பியில் எந்த அளவுக்கோடு வரை நனைந்திருக்கிறது என்று குனிந்து பார்த்த பங்க்காரர், "அறுபது லிட்டர் குறையுதே" என்றார். மதிய வெயிலில் ஏற்றிய 12,000 லிட்டர் பெட்ரோல் ஐந்து டிகிரி குளிர்ந்தாலே ஏறத்தாழ அறுபது லிட்டர் சுருங்கிவிடும் என்பதைப் பின்னாளில் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். சித்தப்பாவுக்கு அது அனுபவத்தில் தெரியும். அந்த அறுபது லிட்டரும் ஷார்டேஜ் என்ற பெயரில் அவருடைய பேட்டாவில் கழிக்கப்பட்டது. இயற்கை செய்ததற்கும் அவரே பொறுப்பு.

இப்போது உங்கள் பத்தாண்டுக்கு வருகிறேன். பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவோ, மோதி மரணம் விளைவித்துவிட்டுக் காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பி ஓடுகிறவருக்கு 10 ஆண்டு வரை என்கிறது. ஓடுவது தவறுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அடிபட்டவருக்கு ஓட்டுநர் மருத்துவ உதவி பெற்றுத்தர வேண்டும் என்று ஆணையிடும் அதே வாக்கியத்தில், கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்றும் ஒத்துக்கொண்டு, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல்நிலையத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. நெடுஞ்சாலையில் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. யார் மேல் பிழை என்று பார்ப்பதற்கு முன்பே பெரிய வண்டிக்காரனை இழுத்துப்போட்டு அடிக்கிற வழக்கத்தை நிறுத்த நாம் என்ன செய்தோம்?

டேங்கர் ஓட்டுநரின் நிலை இன்னும் மோசம். கவிழ்ந்த வண்டியிலிருந்து கூட்டத்தை விலக்கி நிறுத்தத் தெரிந்தவர் அந்த இடத்தில் அவர் ஒருவர்தான். பாகிஸ்தானில் பஹாவல்பூருக்கு அருகே 2017 ஜூன் 25 அன்று கவிழ்ந்த டேங்கரைச் சுற்றிக் குடங்களோடு பெட்ரோல் பிடிக்கக் கூடியவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டார்கள். கிட்ட வராதே, பீடியை அணை என்று கத்த வேண்டியவரைத்தான் நாம் முதலில் அடித்துத் துரத்துகிறோம். அவரோடு இன்னொருவர் இருந்தால், ஒருவர் அடிபட்டவரைத் தூக்குவார், மற்றவர் சாலையை மறிப்பார்.

வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யச் சொல்கிறீர்கள். 2024 ஜனவரியில் அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பே விடவில்லை. ஓட்டுநர்கள் தாங்களாகவே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஜனவரி 2 இரவு உள்துறைச் செயலர் அமர்ந்து பேசியதோ, உரிமையாளர்களின் அமைப்பான அந்தக் காங்கிரஸோடு. நின்றவர் ஒருவர், பேசியவர் வேறொருவர். பேச்சின் விளைவாக, 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 106(2) மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அதை மீண்டும் எடுக்கும் நாளில் ஓட்டுநர்கள் சார்பில் ஓர் ஓட்டுநரே மேசையில் உட்காரட்டும்; இரண்டாவது ஆளின் கூலி, உரிமையாளர் தலையிலும் விழாமல், எண்ணெய் நிறுவனங்கள் தரும் ஒப்பந்தத் தொகையில் தனி இனமாக வரட்டும். அதுவரை நீங்கள் கேட்கும் தடையை நான் ஆதரிப்பதாக இல்லை.