ஒரே கட்சி, இரண்டு வேட்பாளர்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பி 2016 அதிபர் வேட்பாளர் போட்டியில் பெர்னி சாண்டர்ஸ் பக்கம், அவன் மனைவி ஹிலாரி பக்கம். இருவரும் டெமாக்ரடிக் கட்சிதான். சொந்தக் கட்சிக்காரரையே எதிர்த்துப் பிரசாரம் செய்தால் கட்சி உருப்படுமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாக உருப்படும். அங்கே பிரைமரி என்பதே அதற்குத்தான். வேட்பாளர் யார் என்று தலைமை கைகாட்டாமல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நிற்பது துரோகம் ஆகாது. 2008-ல் ஒபாமாவும் ஹிலாரியும் ஜூன் வரை விடாமல் மோதினார்கள். அப்புறம் என்ன நடந்தது? டென்வரில் நடந்த கட்சி மாநாட்டில் ஒபாமாவை ஒருமனதாக ஏற்போம் என்று முன்மொழிந்ததே ஹிலாரிதான், ஜெயித்த ஒபாமா அவரையே வெளியுறவு அமைச்சர் ஆக்கினார். 2019 விவாத மேடையில் பைடனைத் திணறடித்த கமலா ஹாரிஸ், நம் துளசேந்திரபுரத்து வம்சம், மறு வருடமே அவருடைய துணை அதிபர் வேட்பாளர்!

ஆனால் தோற்ற பக்கம் முறுக்கிக்கொண்டு நவம்பர் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்தால் லாபம் எதிர்க்கட்சிக்குத்தான். கொள்கையை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், நாளைக்கு அவருக்கே ஓட்டுக் கேட்டுப் போக முடியாத அளவுக்கு ஆளைத் திட்டக்கூடாது.

2014 மக்களவைத் தேர்தலுக்கு உங்கள் பெங்களூரிலேயே, வடக்குத் தொகுதியில், காங்கிரஸ் இந்த பிரைமரி முறையை முயன்று பார்த்தது. ஓட்டுப் போட்டது கட்சிக்காரர்கள் மட்டும்தான், பொதுமக்கள் இல்லை. இருந்தாலும் டெல்லியிலிருந்து பட்டியல் வரும்வரை காத்துக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல், எல்லாக் கட்சிகளும் செய்ய வேண்டும்.