மாத்திரைப் பெட்டியை ஏன் கடைசியில் எழுதினீர்கள்?

கேள்வி: உயிர்மருத்துவப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி நான். பாடத்துக்கு வெளியே, சொந்த ஆர்வத்தில் விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஈசிஜி கருவி, 3டி பிரிண்டரில் அச்சிட்ட செயற்கைக் கை ஆகியவற்றைச் செய்திருக்கிறேன். பாட்டிக்காக, நேரம் வந்தால் ஒலி எழுப்பும் மாத்திரைப் பெட்டி ஒன்றும் செய்தேன். சின்ன வேலைதான், பத்தே நாளில் அவர் அதை ஓரமாக வைத்துவிட்டார். நண்பர்கள் இவற்றை விளையாட்டுச் சாமான்கள் என்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எதைக் காட்டுவது? ஆக்சிமீட்டரைப் பாட்டிக்குக் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் மாத்திரைப் பெட்டிக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது, அதுவும் மன்னிப்புக் கேட்கும் தொனியில். ஆனால் நீங்கள் செய்த நான்கில் அது ஒன்றுதான் உங்கள் மேசையை விட்டு இறங்கி, இன்னொருவர் கையில் பத்து நாள் இருந்து, தோற்றுத் திரும்பியிருக்கிறது. மற்ற மூன்றும் நீங்கள் பக்கத்தில் நின்று கம்பியைச் சரிசெய்துகொண்டிருக்கும் வரை மட்டுமே வேலை செய்பவை என்று ஊகிக்கிறேன். ஆகவே நேர்முகத் தேர்வில் முதலில் பெட்டியைத்தான் எடுத்து வைக்கச் சொல்வேன். பாட்டி அதை ஏன் கைவிட்டார் என்பதை அதற்குள் நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அவரிடம் நேரடியாகக் கேட்டால் "மறந்துபோச்சும்மா" என்றுதான் சொல்வார். பேத்தி மனம் நோகக் கூடாதே. கேட்பதைவிட, இரண்டு நாள் மாத்திரை வேளைகளில் பேசாமல் அருகில் உட்கார்ந்து பாருங்கள். சந்தையில் கிடைக்கும் சிறிய பஸ்ஸர்கள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே உரக்க எழுப்புகின்றன. முதுமையில் செவித்திறன் குறையும்போது முதலில் மங்குவது உயர்ந்த சுருதிகள்தான். உங்கள் காதைத் துளைக்கும் ஒலி அடுத்த அறையில் இருக்கும் அவருக்குக் கேட்காமலே போகலாம். புகை எச்சரிக்கைக் கருவிகளைப் பற்றிய ஆய்வுகளில், வழக்கமான 3,100 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 520 ஹெர்ட்ஸ் சதுர அலைதான் காது மந்தமானவர்களை நன்றாக எழுப்புகிறது என்று தெரியவந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாழ்ந்த ஒலியை உரக்கத் தர உங்கள் பஸ்ஸரால் முடியாது. சிறிய ஸ்பீக்கர் வேண்டும், அது வந்தால் பெட்டி பெரிதாகும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். பொறியியல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

காது நன்றாகக் கேட்கிறது என்றால் மூடியைப் பாருங்கள். நகத்தால் நெம்பித் திறக்க வேண்டிய மூடி, மூட்டு வீங்கிய விரலுக்குப் பூட்டுதான். அதுவும் இல்லையென்றால், அவர் சற்று முன்னதாகவே மாத்திரையை விழுங்கியிருந்தும் பெட்டி விடாமல் கத்தியதா என்று விசாரியுங்கள். தேவையில்லாமல் ஒலிக்கும் கருவியை மனிதர்கள் அணைத்துவிடுவார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் இது பெரிய தலைவலி. மூடி திறந்தது மாத்திரை உள்ளே போனதற்குச் சாட்சி ஆகாது என்பதையும் உங்கள் நிரலில் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

ஆக்சிமீட்டரைப் பாட்டிக்குக் கொடுக்க வேண்டாம். சிவப்பு, அகச்சிவப்பு என்ற இரண்டு ஒளிகளும் துடிப்போடு சேர்ந்து எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதை ஒப்பிட்டு ஒரு விகிதம் பெறுகிறீர்கள். அந்த விகிதத்தின் 25 மடங்கை 110-இலிருந்து கழித்து ஆக்சிஜன் அளவு என்று காட்டுகிறீர்கள் அல்லவா? அது தோராயச் சூத்திரம். கருவி தயாரிப்பாளர்கள் ஆரோக்கியமான தன்னார்வலர்களை மருத்துவக் கண்காணிப்பில் ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, இரத்த ஆக்சிஜனை ஏறத்தாழ 70 சதவீதம் வரை இறக்கி, தமனி இரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் தங்கள் அளவீட்டைச் சரிபார்க்கிறார்கள். நீங்கள் சோதித்ததோ எப்போதும் 98 காட்டும் உங்கள் சொந்த விரலில். ஒரு காகிதத்தில் 98 என்று எழுதி ஒட்டியிருந்தாலும் அந்தச் சோதனையில் தேறியிருக்கும். கருமையான தோலில் தரமான கருவிகளே ஆக்சிஜன் குறைபாட்டைத் தவறவிடக்கூடும் என்பதை அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. மூச்சை அடக்கி நீங்களே அளவுதிருத்தம் செய்ய முயல வேண்டாம். சதவீதத்தைத் திரையிலிருந்து நீக்கிவிட்டு, நாடித்துடிப்பை மட்டும் காட்டி, கையால் எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிட்ட அட்டவணையை வையுங்கள். கேட்பவருக்கு அதில் நம்பிக்கை பிறக்கும்.

ஈசிஜியில் என் முதல் கவலை பாதுகாப்பு. பேட்டரியில் மட்டும் இயக்குங்கள். மடிக்கணினியோடு இணைத்தால் அதன் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இதயத்திலிருந்து தோலுக்கு வருவது ஒரு மில்லிவோல்ட் அளவுதான். நான் மாணவனாக இருந்தபோது என் கருவியில் விழுந்த அழகான, சீரான அலையை ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டித் திரிந்தேன். அது சுவர் மின்சாரத்தின் இரைச்சல் என்று ஆய்வகப் பணியாளர் ஒருவர்தான் சொன்னார். செயற்கைக் கை, வேறொருவர் வடிவமைப்பை அப்படியே அச்சிட்டது என்றால் ஒரு படம் போதும். விரல் எங்காவது அடுக்குக்கு அடுக்கு பிளந்து உடைந்திருந்தால், அச்சிடும் திசையை மாற்றிப் பார்த்து, உடைந்த விரலையும் கூடவே வையுங்கள்.

விளையாட்டுச் சாமான் என்ற பேச்சுக்கு உங்கள் குறிப்பேடுதான் பதில் சொல்ல வேண்டும். "இரைச்சல்" என்று எழுதி அடித்த பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி, இரத்தத்தில் சாயம் செலுத்தி இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவை ஒளியால் கணிக்க முயன்றபோது, நாடித்துடிப்பு அவருடைய வரைகோட்டை ஓயாமல் கெடுத்தது. இரண்டு ஒளி அலைநீளங்களைக் கொண்டு அந்தத் துடிப்பை நீக்கப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு மாறியபோதெல்லாம் அது முழுதாக நீங்க மறுத்தது. 1974-இல் அவர் அறிவித்த பல்ஸ் ஆக்சிமீட்டர் தத்துவம் அந்தத் தொந்தரவிலிருந்து வந்ததுதான்.

பெட்டியின் இரண்டாம் வடிவத்தைச் செய்து பாட்டியிடம் ஒரு மாதம் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எந்த நாளில், எந்த வேளையில் அவர் முதன்முதலாக அதைத் திறக்காமல் விட்டார் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.