இரவில் கண் எரிகிறதா? பல்பை மட்டும் பழிக்காதீர்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 51. வீட்டுக்காரர் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். அவர் தூக்கம் கெடக்கூடாது என்று டியூப்லைட்டை அணைத்துவிட்டு, நீலக் கலர் ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் நோட்டு திருத்துவேன். அப்புறம் கொஞ்ச நேரம் செல்போன். கால்மாட்டில் ஹீட்டர் ஓடும். கரடி நடமாட்டம் இருப்பதால் வாசல் விளக்கு விடிய விடிய எரியும். அந்த வெளிச்சமும் ஜன்னல் வழியாக உள்ளே வரும். கொஞ்ச நாளாகக் கண் எரிகிறது, நீர் வடிகிறது, எழுத்து மங்குகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா? எந்த பல்பு நல்லது? இரண்டு வயதுப் பேத்தி வந்தால் விளக்கு இல்லாமல் தூங்க மாட்டாள். அவள் கண் கெட்டுப்போகுமா?

பதில்: அந்தக் கண்ணாடியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் ஹீட்டரை நகர்த்துங்கள்.

பல்பைப் பற்றிக் கேட்டால் ஹீட்டரைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் எரிச்சலும் நீர் வடிதலும் பெரும்பாலும் கண் உலர்ந்துபோவதால் வருபவை. உலர்ந்த கண்ணில் எப்படி நீர் வடியும்? உறுத்தல் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி அவசரத்துக்கு நீரைக் கொட்டுகிறது. இமை விளிம்பில் ஊறும் எண்ணெய்ப்பசை அதில் போதிய அளவு கலந்திருக்காது. அதனால் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கும்.

மலையில் இருப்பவர்கள் பலர் இதை நம்புவதில்லை. வெளியே மூடுபனி, சுவரெல்லாம் ஈரம், துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை, இதில் கண் மட்டும் எப்படிக் காயும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 8 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 100 சதவீதம். அதே காற்றை அறைக்குள் ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். காற்றிலிருக்கும் தண்ணீர் குறையவில்லை. சூடான காற்று இன்னும் நிறைய ஈரத்தை உறிஞ்சத் தயாராகிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த அறையில் ஈரமாகத் திறந்திருப்பது உங்கள் கண். ப்ளோயர் வகை ஹீட்டர் முகத்தைப் பார்த்து ஊதினால் கேட்கவே வேண்டாம்.

இதோடு இமைப்பதும் குறைகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை போல இமைக்கிறோம். நோட்டையோ செல்போனையோ உற்றுப் பார்க்கும்போது அது பாதியாகும், சிலருக்கு அதற்கும் கீழே போகும். ஆகவே படிக்க உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு, உட்காரும்போது அணைத்துவிடுங்கள். முடியவில்லை என்றால் முகத்தில் காற்றுப் படாத மூலைக்குத் தள்ளி வையுங்கள். ஹீட்டர் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதால் பெரிய பலன் இல்லை. அறையில் ஈரத்துண்டு ஒன்றைக் காயப் போட்டால் ஓரளவு உதவும். அறையைச் சூடாக்க யாராவது கரி மூட்டுவதாக இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அது கண் எரிச்சலோடு நிற்காது. கதவடைத்த அறையில் உயிரையே எடுத்துவிடும்.

இனி வெளிச்சம். இருட்டில் கண்பாவை விரியும். வெளிச்சத்தில் 2, 3 மில்லிமீட்டராக இருப்பது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பாவை விரிய விரிய, கிட்டத்தில் இருப்பதன் மேல் பார்வையைக் கூர்மையாக நிறுத்துவது கடினம். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: பகலில் போதுமாக இருக்கும் அதே கண்ணாடி ராத்திரியில் பவர் போதாதது போலத் தோன்றும். ஒரு அட்டையில் குண்டூசியால் துளை போட்டு, நல்ல வெளிச்சத்தில் அதன் வழியாக மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தைப் பாருங்கள். கண்ணாடி இல்லாமலே ஓரளவு தெளியும். பாவை சுருங்கினால் நடப்பதும் அதுதான். போதாக்குறைக்கு, 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேர்கிறது. பாவையும் சிறுத்து, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் மஞ்சளித்துவிடுவதே காரணம். மங்கிய வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுப்போகும் என்பது உண்மையில்லை. ஆனால் அசதி நிச்சயம்.

உங்கள் நீல பல்பு படிப்பதற்கும் ஆகாது, தூக்கத்துக்கும் ஆகாது. விழித்திரையில் நாம் எழுத்தைக் கூர்ந்து பார்க்கிற நடுப்புள்ளியில் நீலத்தை உணரும் செல்களே கிடையாது. அதே சமயம், இப்போது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் தனி செல்கள் விழித்திரையில் இருக்கின்றன. அவை அதிகமாகத் தூண்டப்படுவது 480 நானோமீட்டர் அலைநீளம் அளவிலான நீல வெளிச்சத்தில். தூக்கத்துக்கு வேண்டிய மெலடோனின் சுரப்பதை அது தள்ளிப்போடும். ஜீரோ வாட் பல்பின் சொற்ப வெளிச்சத்தால் பெரிய கெடுதல் வந்துவிடாதுதான். ஆனாலும் தமிழ்நாட்டுப் படுக்கையறைகளில் இந்த நீல பல்பு எப்படித்தான் இவ்வளவு பிரபலமானதோ!

பதிலாக 5 வாட் அளவில் வார்ம் ஒயிட் எல்.இ.டி. வாங்குங்கள். பெட்டியின் மேல் 2700 கெல்வின் என்று போட்டிருக்க வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் அது; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. கடையில் கேட்காவிட்டால் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். குடை போட்ட மேஜை விளக்கில் மாட்டி, உங்கள் பக்கத்தில், தோளுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். வெளிச்சம் நோட்டில் விழ வேண்டும். பல்பு உங்கள் கண்ணுக்கும் தெரியக்கூடாது, வீட்டுக்காரர் கண்ணுக்கும் தெரியக்கூடாது. என்னைக் கேட்டால், நோட்டு திருத்துவதை ஹாலுக்கே மாற்றுவது மேல்.

செல்போன் பார்க்கும்போதும் அந்த விளக்கு எரியட்டும். இருட்டறையில் திரை மட்டும் பளிச்சென்று இருந்தால்தான் கண் கூசும். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை தாளைவிடப் பளபளத்தால் பிரைட்னஸைக் குறையுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு நல்லது என்பார்கள். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்குப் போடும் பவர்) உள்ளவர்களுக்கு அதில் எழுத்து கலங்கித் தெரியும். அதை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நீல ஒளித் தடுப்புக் கண்ணாடியால் கண் அசதி குறைகிறதா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை ஒன்று, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பிடமிருந்து 2023-இல் வந்தது. குறுகிய காலத்தில் சாதாரணக் கண்ணாடியைவிடப் பலன் ஏதும் தெரியவில்லை என்றே அது சொன்னது. அந்தக் காசுக்கு வெள்ளெழுத்துப் பவரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எரிச்சலுக்கு, படுக்கும் முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமை மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போடலாம். மெடிக்கலில் 'கண் சிவப்புக்கு ஏதாவது கொடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு கையில் வந்துவிட்டால், நாள்பட்ட உபயோகத்தில் கண் அழுத்தம் ஏறலாம். இரண்டு, மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். சிலருக்குக் கண்ணுக்குள்ளேயே ஊறும் நீர் (இது கண்ணீர் அல்ல) வடிந்து வெளியேறும் கோணம் குறுகலாக இருக்கும். மங்கிய அறையில் பாவை விரியும்போது அது அடைத்துக்கொண்டு, கண் அழுத்தம் திடீரென்று ஏறிவிடலாம். சில ஜலதோஷ மாத்திரைகளும் இதைக் கிளப்பிவிடும். கண்ணில் கடும் வலி, தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்று வரும். பனியில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் எல்லோருக்கும்தான் தெரியும். அறைக்குள் எரியும் பல்பைச் சுற்றியும் தெரிந்தால் பித்தம் என்று இஞ்சிச்சாறு குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். அன்று இரவே வண்டி பிடித்து ஊட்டிக்கோ கோவைக்கோ போய்விடுங்கள்.

வாசல் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டேன். கரடியிடம் நான் பேச முடியாது. மேலே ஒரு தகரக் குடை மாட்டி, வெளிச்சம் படியிலும் முற்றத்திலும் மட்டும் விழும்படி கீழே திருப்புங்கள். மூடுபனி இறங்கினால் வெளிச்சம் சிதறி ஜன்னல் முழுக்க வெளுத்துவிடும், ஆகவே கனமான திரையும் வேண்டும்.

பேத்தி விஷயம். விளக்கு போட்டுத் தூங்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை அதிகம் என்று 1999-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அடுத்த ஆண்டே வந்த வேறு ஆய்வுகளில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் இரவில் விளக்கை அதிகம் எரியவிடுகிறார்கள், பிள்ளைக்கு அவர்கள் வழியாகவே வந்திருக்கலாம் என்று விளக்கினார்கள். தரையோரமாக, கட்டிலுக்குப் பின்னால் மறைவாக, மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விளக்கு அவளுக்குப் போதும். ராத்திரி நீங்கள் பாத்ரூம் போகவும் அதுவே ஆகும்.